தத்தெடுத்த குழந்தை இருக்கையில் விவாகரத்து: வளர்ப்புப் பொறுப்பையும் சொத்தையும் முடிவு செய்வதற்கான முழு வழிகாட்டி

கணவன் மனைவி பிரிவது என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி வீடு யாருக்கு, நகை யாருக்கு என்பதுதான். குழந்தை தத்தெடுத்த குழந்தையாக இருந்தால் இந்த வரிசை பெரும் தீங்கில் கொண்டுபோய் விடும். அத்தகைய குடும்பத்தில் முதலில் உறுதி செய்ய வேண்டியது குழந்தையின் சட்ட நிலை. அடுத்து முடிவு செய்ய வேண்டியது குழந்தை யாரிடம் வளரும் என்பது. சொத்துப் பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இவ்வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. தமிழ்நாட்டில் வாழும் இந்துத் தம்பதியருக்குப் பொருந்தும் சட்டங்களை மையமாக வைத்து எழுதியிருக்கிறேன். கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு மாறுபடும் இடங்களை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: தத்தெடுப்பு எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று கண்டறிவது

இந்தியாவில் முறையான தத்தெடுப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். உறவினர் வீட்டிலிருந்து குழந்தையை எடுத்து வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இவ்வழியில்தான் வந்திருப்பார்கள்; கையில் பதிவு செய்யப்பட்ட தத்துப் பத்திரம் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். மற்றொன்று, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, காத்திருந்து, சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் வழியாகக் குழந்தையைப் பெற்றவர்கள் இவ்வகையினர். இவர்களிடம் தத்தெடுப்பு ஆணை இருக்கும். 2022 செப்டம்பர் 1 முதல் இந்த ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். அதற்கு முன்பு நீதிமன்றம் பிறப்பித்து வந்தது.

இரண்டில் எதுவானாலும் விளைவு ஒன்றே. முதல் சட்டத்தின் 12ஆம் பிரிவும், இரண்டாம் சட்டத்தின் 63ஆம் பிரிவும், தத்தெடுத்த நாள் முதல் அக்குழந்தை எல்லா நோக்கங்களுக்கும் தத்தெடுத்த பெற்றோரின் பிள்ளையே என்று சொல்கின்றன. விவாகரத்து இதில் ஒரு சிறு மாற்றத்தையும் செய்யாது. முறையாக நடந்த தத்தை இரத்து செய்ய முடியாது என்றும், பிள்ளை பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது என்றும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, "நீங்களே பிரிந்துவிட்டீர்கள், குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று உறவினர் எவரேனும் பேசினால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இரண்டாம் படி: ஆவணங்களைச் சரிபார்ப்பதும், குறை இருந்தால் இப்போதே நிவர்த்தி செய்வதும்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விவாகரத்து வழக்கு சூடுபிடித்த பிறகு, ஜீவனாம்சம் கொடுக்க விரும்பாத ஒருவர் முதலில் கை வைப்பது தத்தெடுப்பின் மீதுதான். "நான் சம்மதிக்கவே இல்லை", "அது வெறும் சடங்கு", "குழந்தையைச் சும்மா வளர்த்தோம், தத்தெடுக்கவில்லை" என்பவை எதிர்வாதத்தில் எழுதப்படும் வாசகங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருச்சிப் பக்கத்துத் தம்பதி ஒன்று, கணவரின் அண்ணனுக்கு மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தையை, சமயபுரம் கோயிலில் உறவினர் முன்னிலையில் மடியில் வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் எழுதவில்லை, அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் ஆதாரிலும் வளர்க்கும் பெற்றோரின் பெயர் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் மட்டும் அண்ணன், அண்ணியின் பெயர் இருக்கிறது. எட்டு வயதில் அந்தப் பெண் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும்போது தம்பதி பிரிகிறது. அப்போது மாமியார், "அவ எங்க வீட்டுப் பிள்ளை, எங்ககூடவே இருக்கட்டும், நீ போறதுன்னா போம்மா" என்கிறார். பால் புகட்டி, காய்ச்சலில் கண் விழித்து வளர்த்த அந்தத் தாய்க்குச் சட்டத்தில் என்ன இடம் என்பது, அன்று கோயிலில் நடந்ததை நிரூபிக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.

சட்டப்படி தத்துக்குப் பத்திரம் கட்டாயமன்று. குழந்தையைப் பிறந்த குடும்பத்திலிருந்து மாற்றும் எண்ணத்துடன் உண்மையாகக் கொடுத்ததும் வாங்கியதுமே கட்டாயம். தத்துச் சடங்கில் வளர்க்கும் வேள்வியான தத்த ஹோமமும் கட்டாயமன்று. ஆனால், கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. மறுப்பவர்தான் பொய் என்று நிரூபிக்க வேண்டும். பத்திரம் இல்லையென்றால் நிரூபிக்கும் சுமை தத்தைச் சொல்பவர் மீது விழுகிறது. எனவே, உறவு முற்றிலும் முறிவதற்கு முன், இன்ன நாளில் இன்ன இடத்தில் நடந்த தத்தை ஒப்புக்கொண்டு இரு தரப்புப் பெற்றோரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தைப் பதிவு செய்துவிடுவது நல்லது. கணவர் மனைவியின் மீது கோபமாக இருக்கலாம். குழந்தைக்குக் கையெழுத்திட மாட்டேன் என்று எல்லோரும் சொல்வதில்லை. அந்த நல்லெண்ணம் இருக்கும் வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால், கோயிலில் எடுத்த படங்கள், சாட்சிகளாக நின்றவர்களின் பெயர்கள், பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்ட நாள் ஆகியவற்றைத் திரட்டி வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள்.

பத்திரம் இருந்தால் அதில் யார் யார் கையெழுத்து உள்ளது என்று பாருங்கள். மணமான ஆண் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மணமான பெண்ணும் கணவரின் சம்மதத்துடன் தத்தெடுக்கலாம். மனைவி சடங்கில் உடன் அமர்ந்திருந்தார் என்பதே சம்மதம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கீசாலால் வழக்கில் கூறியது. சம்மதம் கொடுத்திருந்தால், பழைய பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறதே என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. மணமானவர் தத்தெடுத்தால் அவர் மனைவி தத்துத் தாயாகவே கருதப்படுவார் என்று அதே தத்தெடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. தத்தெடுத்தபோது குழந்தைக்கு 15 வயது நிறையாமல் இருந்ததா, ஆண் பெண் குழந்தையையோ பெண் ஆண் குழந்தையையோ தத்தெடுத்தால் வேண்டிய 21 வயது இடைவெளி இருந்ததா என்பவற்றையும் சரிபாருங்கள். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

மருத்துவமனையிலோ இடைத்தரகர் வழியாகவோ எந்த நடைமுறையும் இன்றிக் குழந்தையைப் பெற்றிருந்தால் நிலைமை வேறு. அது தத்தெடுப்பு ஆகாது. குழந்தையை விலைக்கு வாங்கியதாகக் கருதப்பட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டுவரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். இத்தகைய குடும்பம் விவாகரத்து மனுவில் ஒரு வரி எழுதுவதற்கு முன் குற்றவியலும் குடும்பச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரைச் சந்திக்க வேண்டும். காரா வழியில் குழந்தை வீட்டுக்கு வந்து, ஆணை இன்னும் வராத நிலையில் பிரிவு நேர்ந்தால், அதை நிறுவனத்திடம் மறைக்கக் கூடாது. தம்பதியாக விண்ணப்பித்தவர்கள் தம்பதியாக இல்லாமல் போவது அந்த விண்ணப்பத்தின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது.

கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் காப்பாளராக மட்டும் நியமனம் பெற்றிருந்தால், அக்குழந்தை சட்டப்படி பிள்ளையன்று. 18 வயதோடு அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும், வாரிசுரிமையும் வராது. எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் சப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வழியில் ஆணை பெற்றவர்களுக்கு மேலே சொன்ன 63ஆம் பிரிவின் முழுப் பயனும் உண்டு.

மூன்றாம் படி: எந்த மனு, எந்த நீதிமன்றம்

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் பரஸ்பர சம்மத மனு போதும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே 6 மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாச் சிக்கலும் உண்மையாகவே தீர்ந்திருந்தால் இந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தளர்வைக் கேட்கும்போது குழந்தையின் பொறுப்பும் பராமரிப்பும் முடிவாகிவிட்டனவா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

ஒத்துப்போகவில்லை என்றால், விவாகரத்து வழக்கிலேயே அதே திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றி இடைக்கால உத்தரவு கேட்கலாம். விவாகரத்து வழக்கே இல்லாத நிலையில், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனு போடலாம். குடும்ப வன்முறை இருந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும், 19ஆம் பிரிவு குடியிருக்கும் உரிமையையும் பெற்றுத் தரும்.

பேச்சுவார்த்தைக்குச் சமரச மையத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் 2005இல் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டங்களிலும் அவை இயங்குகின்றன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உறுதி செய்கிறது.

மனுவில் குழந்தையைப் பற்றி எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். பிறந்த பெற்றோர் யார், எந்தச் சூழலில் குழந்தை வந்தது என்பவை வழக்குக்குத் தேவையில்லாவிட்டால் எழுதவே கூடாது. தத்து முறைப்படி நடந்தது என்பதைக் காட்டும் ஆவணத்தை மட்டும் இணைத்து, விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒரு தரப்பு கேட்டாலே அவ்வாறு நடத்த வேண்டும் என்கிறது. பத்து ஆண்டு கழித்து அந்த மனுவின் நகலை அந்தக் குழந்தையே படிக்கக்கூடும்.

நான்காம் படி: குழந்தை யாரிடம் வளரும்

குழந்தையின் நலனே முதன்மையானது என்பது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு. தந்தைக்குப் பின்னரே தாய் இயற்கைக் காப்பாளர் என்று அச்சட்டம் சொன்னாலும், தந்தை இல்லாத நிலையில் அல்லது பொறுப்பேற்காத நிலையில் தாயும் காப்பாளரே என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 5 வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடமே இருக்கும். இவை அனைத்தும் தத்துக் குழந்தைக்கும் பெற்ற குழந்தைக்கும் ஒன்றே. பெற்றோர் தம் உரிமைச் சண்டைக்குப் பிள்ளைகளைப் பொருள்போல ஆக்கக் கூடாது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் வலியுறுத்தியது. அது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கு.

சட்டம் ஒன்றாக இருந்தாலும், தத்துக் குழந்தையின் வாழ்வில் ஏற்கெனவே ஒரு முறை கைமாற்றம் நடந்திருக்கிறது. அதனால் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டிய முதன்மையான கேள்வி, இதுவரை அன்றாடம் அந்தக் குழந்தையை யார் கவனித்து வந்தார் என்பதே. யார் பள்ளிக்கு அனுப்பினார், எந்த மருத்துவரிடம் யார் அழைத்துச் சென்றார், இரவில் யாரருகில் தூங்குகிறது என்பவற்றைக் காட்டும் சான்றுகள், பெரிய வீட்டின் புகைப்படங்களைவிட எடை கூடியவை. தன் விருப்பத்தைச் சொல்லும் அறிவு முதிர்ச்சி உள்ள குழந்தையின் கருத்தை நீதிபதி கேட்கலாம். அதற்காகக் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுத்து அனுப்பாதீர்கள். நீதிபதிகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள்.

முன்னர் சொன்ன திருச்சிக் குடும்பம் போன்றவற்றில், பிறந்த குடும்பமும் கணவரின் குடும்பமும் ஒன்றே என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. பெற்றவர் சட்டப்படி இப்போது பெரியப்பா. அவருக்குத் தனி உரிமை கிடையாது. "எங்கள் இரத்தம்" என்பது ஒரு வாதமே அன்று என்பதை வழக்கறிஞர் 12ஆம் பிரிவைக் காட்டி முதல் விசாரணையிலேயே பதிவு செய்ய வேண்டும். அதே வேளையில், அந்தக் குழந்தை பழகி வளர்ந்த பெரியம்மா வீட்டையும் அக்காமார்களையும் முற்றாகத் துண்டிப்பதும் அதன் நலனுக்கு உகந்ததன்று. விடுமுறையில் அங்கே போய்வர ஒப்பந்தத்தில் இடம் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனத்தை உறுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. தத்தெடுத்த பிறகு தம்பதிக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கும். பிரியும்போது, "நான் பெற்றதை நான் வைத்துக்கொள்கிறேன், தத்தெடுத்ததை நீ வைத்துக்கொள்" என்று பங்கு போட முன்வருவார்கள். சமரச அறையில் இந்தப் பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு குழந்தைகளும் சட்டப்படி உடன்பிறந்தோர். ஒன்றாக வளர்ந்த அவர்களைப் பிரிப்பது, தத்தெடுத்த குழந்தைக்கு நீ இரண்டாம் தரம் என்று முத்திரை குத்துவதாகும். இருவரும் ஒரே வீட்டில் வளர வேண்டும், இருவருக்கும் ஒரே அளவு பராமரிப்புத் தொகை, ஒரே சந்திப்பு நாட்கள் என்று எழுத்தில் வேண்டும்.

ஒப்பந்தத்தில் சந்திப்பு நாட்களை மங்கலாக எழுதுவதுதான் பின்னாளில் ஆயிரம் சண்டைக்கு வித்து. "அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதாமல், மாதத்தில் எந்தெந்தச் சனி ஞாயிறு, எத்தனை மணிக்கு யார் அழைத்துச் சென்று யார் கொண்டுவந்து விடுவது, மே மாத விடுமுறையில் பாதி யாருக்கு, பொங்கல் ஓராண்டு இங்கும் தீபாவளி அங்குமாக எப்படி மாறும் என்று எழுதுங்கள். தத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிறந்த நாளோடு, குழந்தை வீட்டுக்கு வந்த நாளையும் கொண்டாடுவார்கள். அந்த நாளை இருவரும் சேர்ந்து குழந்தையுடன் கழிப்பதா, மாற்றி மாற்றியா என்றும் குறிப்பிடலாம். தூரத்தில் இருப்பவருக்குக் காணொலி அழைப்பு நேரம் வேண்டும். 2020இல் யசிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய தொடர்பை வலியுறுத்தியிருக்கிறது.

தத்தெடுத்ததைக் குழந்தைக்குச் சொல்லியாயிற்றா என்பது அடுத்தது. இன்னும் சொல்லவில்லை என்றால், யார், எப்போது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்று இருவரும் இப்போதே ஒத்துக்கொண்டு, மற்றவரைக் காயப்படுத்தும் ஆயுதமாக அச்செய்தியைப் பயன்படுத்தமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவினர் ஒருவர் கோபத்தில் போட்டு உடைப்பதற்கு முன் பெற்றோர் இருவரும் சேர்ந்து சொல்லிவிடுவதே நலம். ஒரு குழந்தை நல ஆலோசகரின் உதவியுடன் செய்தால் இன்னும் நல்லது.

தலைப்பெழுத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். குழந்தைக்கு இப்போதுள்ள இனிஷியலைப் பள்ளிச் சான்றிதழ்களில் தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்று எழுதுங்கள். தாயின் பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் தடையில்லை. ஆனால் பிரிவின் கோபத்தில் அதை மாற்றினால் ஆதார், பள்ளி, தத்தெடுப்பு ஆணை மூன்றும் மூன்று விதமாக நின்று குழந்தையை அலைக்கழிக்கும். கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா என்பதையும் சேருங்கள்.

மறுமணம் நேர்ந்தால், புதிய கணவரோ மனைவியோ இந்தக் குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நம்பிக் கையெழுத்திடுகிறார்கள். 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி ஏற்கெனவே தத்தான பிள்ளையை மறுபடி தத்தெடுக்க முடியாது. தத்துப் பெற்றோருக்குத் தம் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் அதிகாரமும் இல்லை. ஆகவே, "என் பெயரை நீக்கிக்கொள்கிறேன், பராமரிப்பும் வேண்டாம்" என்ற பேரம் சட்டத்தில் நிற்காது. அவர் கடைசிவரை அக்குழந்தையின் தந்தையாகவோ தாயாகவோதான் இருப்பார்.

ஐந்தாம் படி: பராமரிப்புத் தொகை

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இருவரும் தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிவத்தை நிரப்பும் முன் குழந்தையின் உண்மையான மாதச் செலவை எழுதிப் பாருங்கள்: பள்ளிக் கட்டணம், வேன், தனிப்பயிற்சி, மருத்துவம், துணிமணி, தேவைப்பட்டால் சிகிச்சை ஆலோசனை. தொகை ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு உயரும் என்று குறிப்பிடாத ஒப்பந்தம் சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும். நீதிமன்ற உத்தரவுகள் பொதுவாக 18 வயதோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் பட்டப் படிப்பு முடியும்வரை என்று நீங்களே நீட்டிக்கலாம். மணமாகாத, தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத மகளுக்கு 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் அதன் பின்னும் உரிமை உண்டு.

விரைவில் விடுதலை கிடைத்தால் போதும் என்று, "எனக்கும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம்" என எழுதிக்கொடுக்கும் தாய்மார்களை அறிவேன். தமக்குரியதை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுத்தாலும் குழந்தை பின்னர் கேட்கலாம். ஆயினும் அந்த வரி பல ஆண்டு வழக்கை வளர்க்கும் என்பதால் எழுதாமல் இருப்பதே நன்று.

ஆறாம் படி: சொத்து

மண வாழ்வில் சேர்த்ததெல்லாம் ஆளுக்குப் பாதி என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. சொத்து யார் பெயரில் உள்ளதோ அவருடையது. கூட்டுப் பெயரில் இருந்தால் யார் எவ்வளவு போட்டார் என்பது கணக்காகும். சீதனமும் நகையும் பெண்ணுக்கே உரியவை என்பதை 1985இல் பிரதிபா ராணி வழக்கு உறுதி செய்தது. திருமணத்தையொட்டி இருவருக்கும் கூட்டாகக் கிடைத்தவற்றை இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் பங்கிடலாம். குழந்தைக்கு உறவினர் அணிவித்த கொலுசு, சங்கிலி ஆகியவை குழந்தையுடையவை. அவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, குழந்தை வளரும் வீட்டில் வையுங்கள்.

பேச்சு முட்டும்போதெல்லாம் ஊரில் ஒரு தீர்வு சொல்வார்கள்: "ரெண்டு பேருக்கும் வேண்டாம், வீட்டைப் பிள்ளை பேரில் எழுதிவிடுங்கள்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 18 வயது நிறையாத பிள்ளையின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று இந்து இளவர் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. பிள்ளையின் படிப்புக்கே பணம் தேவைப்பட்டாலும் அனுமதி மனு போட்டுத்தான் ஆக வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கி ஒப்புக்கொள்ளாது. வீட்டில் யார் குடியிருப்பது என்ற கேள்வியும் தீராது. இவ்வழியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமென்றால், குழந்தையை வளர்ப்பவருக்குக் குடியிருக்கும் ஆயுட்கால உரிமையை வைத்துத் தானசெட்டில்மென்ட் எழுதுங்கள்; வரி, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்றும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு, ஒருவர் தம் பாதியை மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் மூலம் விட்டுக்கொடுத்து ஈடாகப் பணம் பெறுவதும், அதில் ஒரு பகுதியைக் குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாக வைப்பதும் நடைமுறைக்கு ஏற்றது. குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பின் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் குடும்ப உறுப்பினர் அல்லர். எனவே, பத்திரத்தை எந்தக் கட்டத்தில் பதிவு செய்வது என்பதை வழக்கறிஞரிடமும் பத்திர எழுத்தரிடமும் முன்னரே கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி வங்கியின் எழுத்து ஒப்புதலைப் பெறாதவரை, மற்றவரும் கடனாளியே.

குழந்தைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு இருந்தால், பெற்றோர் தம் சமரசத்தில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. இளவர் சார்பில் செய்யும் எந்தச் சமரசத்துக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் ஆணை 7ஆம் விதிப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். தத்தாகும் முன்பே குழந்தைக்குப் பிறந்த வீட்டில் உரிமையாகிவிட்ட சொத்து இருந்தால் அதுவும் குழந்தையுடனேயே வரும்.

பெற்றோரின் சுயசம்பாத்தியத்தில் பிள்ளைக்குப் பிறப்புரிமை கிடையாது. தத்தெடுத்ததாலேயே பெற்றோர் தம் சொத்தை விற்கும், உயில் எழுதும் உரிமையை இழப்பதில்லை என்று தத்தெடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் சொல்கிறது. தந்தை மறுமணம் செய்து எல்லாவற்றையும் புதிய குடும்பத்துக்கு எழுதிவைத்தால் தடுக்க வழியில்லை. குழந்தைக்கு எதையேனும் உறுதி செய்ய விரும்பினால், அது விவாகரத்து ஒப்பந்தத்திலேயே பதிவு செய்த பத்திரமாகவோ வைப்புத் தொகையாகவோ கைக்கு வந்திருக்க வேண்டும். "பின்னால் எழுதி வைக்கிறேன்" என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள்.

மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், காப்பாளராக யார் பெயர் உள்ளது, 15 ஆண்டுவரை யார் பணம் கட்டுவது என்று எழுதுங்கள். 18 வயதானதும் கணக்கை அவளே நடத்துவாள்.

ஏழாம் படி: உயிலும் வாரிசுரிமையும்

விவாகரத்துக்குப் பின் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாரிசு அல்லர். குழந்தை இருவருக்கும் முதல் நிலை வாரிசாகத் தொடரும். பழைய உயிலில் துணைவருக்கு எழுதியது விவாகரத்தால் தானாக இரத்தாகாது. புதிய உயில் வேண்டும். அதில் "என் வாரிசுகளுக்கு" என்று பொதுவாக எழுதாமல், பிள்ளையின் முழுப் பெயரையும் தத்துப் பத்திரத்தின் எண்ணையோ ஆணையின் நாளையோ குறிப்பிடுங்கள். நாளை வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் நிற்கும்போது சித்தப்பாவோ மாமனோ ஆட்சேபம் எழுப்பினால் அந்த ஒரு வரி துணை நிற்கும்.

தனியே குழந்தை வளர்க்கும் தாய்மார்களுக்கு இன்னொன்று. உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் உங்கள் சொத்து குழந்தைக்கே போகும். ஆனால் குழந்தை இளவராக இருக்கும்வரை அதை நிர்வகிக்கும் இயற்கைக் காப்பாளர், உங்கள் முன்னாள் கணவர். அவரிடம் நம்பிக்கை இல்லையென்றால், நம்பகமான ஒருவரை நிர்வாகியாக நியமித்து, குறிப்பிட்ட வயதுவரை சொத்தைக் குழந்தைக்காக அவர் பொறுப்பில் வைக்கும்படி உயில் எழுதுங்கள். காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கணக்குகளில் நாமினியையும் மாற்றுங்கள். வங்கி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்பதால், அது உயிலுக்கு மாற்றாகாது.

எட்டாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள்: ஒன்று பள்ளிக்கு, ஒன்று கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு, ஒன்று தத்தெடுப்பு ஆவணங்களோடு சேர்த்து வைக்க. விடுதலைப் பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, மின் இணைப்பையும் சொத்து வரிப் பதிவையும் பெயர் மாற்றுங்கள். பின்னர் புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பத்திரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தையின் பொறுப்பைப் பற்றிய உத்தரவு எதுவும் இறுதியானதன்று. குழந்தை வளர்ந்து வேறு ஊரில் படிக்க விரும்பினாலோ, பொறுப்பேற்றவர் நோய்வாய்ப்பட்டாலோ, சந்திப்பு நாட்கள் தொடர்ந்து மறுக்கப்பட்டாலோ, அதே நீதிமன்றத்தில் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் மாற்றம் கேட்டு மனு செய்யலாம். அம்மனுவுக்கு உதவும் வகையில், சந்திப்பு நடந்த நாட்களையும் நடக்காத நாட்களையும் ஒரு குறிப்பேட்டில் காரணத்துடன் எழுதி வாருங்கள். கட்டிய பள்ளிக் கட்டண ரசீதுகளையும், பராமரிப்புத் தொகை வந்த வங்கிப் பதிவுகளையும் ஆண்டு வாரியாக அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.